ஏழு சிலிண்டர் இஞ்சினும் ஒரு சங்குக்கயிறும்

கூனித்துறை என்கிற ஊர் மாதா கோயில், ரேஷன் கடை, ஐஸ் பாக்டரி, கொடியில் காயப்போட்ட நண்டுவலை எல்லாம் சகிதமாகக் கடலுக்குள் கிளம்பிப் போனது ஒரு புதன்கிழமை காலையில், பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில். நம்பாதவர்கள் ஒன்பது இருபது பஸ்ஸின் கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தார் ரோடு தண்ணீரில் போய் முடிந்த இடத்தில் இறங்கி நின்று, டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "எய்யா, ஸ்டாப்பிங்க எங்க தூக்கிட்டுப் போறிய?" என்று அவர் போட்ட சத்தமும், விலகிப் போகிற ஊரின் மேற்குக் கடைசியில் நின்ற சனம், "ஒரு சோலியாப் போறோம் அண்ணாச்சி, வந்துருவோம்!" என்று கைகாட்டியதும் உள்ளதுதான். அவர் தன் தாளில் 'ஸ்டாப்பிங் இல்லை' என்று எழுதிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். அரசாங்க வண்டி, நேரத்துக்குப் போக வேண்டாமா?

சோலி என்னவென்றால், கஸ்பாரின் தங்கச்சி மாப்பிள்ளை இஞ்ஞாசியைக் கூட்டி வருவது. இஞ்ஞாசி ஒரு சரக்குக் கப்பலில் எண்ணெய் போடும் ஆளாகப் போனவன். அந்தக் கப்பலின் முதலாளி ஒருநாள் போனை எடுக்காமல் போனார், அப்புறம் ஆபீசே காணாமல் போனது, கப்பலை அரபிக்கடலின் அந்தக் கரையில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். கேப்டன் போனார், சமையல்காரர் போனார், ஒவ்வொருத்தராக எல்லாரும் ஊருக்குப் போன பிறகு கடைசியாக நின்ற ஆள் இஞ்ஞாசி. கப்பலில் ஒரு ஆளாவது காவலுக்கு இருக்க வேண்டும், கப்பல் விற்கிற வரைக்கும் நீ இறங்கக் கூடாது, இறங்கினால் குற்றம் என்று அந்த ஊர் கோர்ட்டு அவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது. இருபத்திரண்டு மாதம்! மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடித்துக்கொண்டு, தூண்டில் போட்டுத் தின்றுகொண்டு, ஒரு இரும்பு மலைமேல் தன்னந்தனியாக ஒரு மனுஷன். அவன் பெண்டாட்டி பிலோமி மனுக் கொடுக்காத ஆபீஸ் இல்லை. அலை எப்போது ஓய, தலை எப்போது முழுக?

கஸ்பாருக்கு இதில் இன்னொரு பாரம் இருந்தது, அது ஊருக்குத் தெரியாது. கூனித்துறை சங்கு குளிக்கிற ஊர். குளியாளி அடிக்கடலுக்குப் போகும்போது அவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டுவார்கள், கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் ஒருவன் கையில் பிடித்திருப்பான், அந்த ஒருவன் குளியாளியின் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்த தம்பி அசந்து போகலாம், சிநேகிதன் கண்ணயரலாம், சொந்தத் தங்கச்சியின் தாலியை எவன் அறுப்பான்? மூச்சுக்கு ஹோஸ் வந்து, காற்றுக்குக் கம்ப்ரசர் வந்து, எல்லாம் மாறிய பிறகும் கயிறு மாறவில்லை. ஒரு இழுப்பு என்றால் இன்னும் கயிறு விடு. ரெண்டு இழுப்பு என்றால் தூக்கு. கயிற்றை எதிலும் கட்டக் கூடாது, கையில்தான் பிடிக்க வேண்டும், அதுதான் சட்டம்.

கஸ்பார் ஒரே ஒரு நாள் கட்டினான். பிலோமி ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்ட தூக்குச்சட்டியில் சீலா மீன் குழம்பு, மூடியைத் திறந்ததும் வந்த வாசம், சட்டியைப் பிடிக்க ஒரு கை, பிசைய ஒரு கை. ரெண்டு நிமிஷம்தானே என்று கயிற்றை வள்ளத்தின் குறுக்குப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தின்றான். கீழே ஹோஸ் மடங்கிக் காற்று நின்று, இஞ்ஞாசி ரெண்டு முறை இழுத்தான். பலகைக்குத் தெரிந்தது, கஸ்பாருக்குத் தெரியவில்லை. இஞ்ஞாசி தானாக மேலே வந்து விழுந்தபோது இடது காதில் ரத்தம் வழிந்தது. "பிலோமிகிட்டச் சொல்லிராதீங்க மச்சான், பாவம், அவ குழம்புக் கையே நடுங்கிப் போயிரும்" என்றானே ஒழிய ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கஸ்பாருக்கு ஆறியிருக்கும். அடுத்த மாதமே, இனிக் கடலுக்கடி வேண்டாம், கப்பலுக்குப் போகிறேன் என்று இஞ்ஞாசி கிளம்பிவிட்டான். கஸ்பார் அன்றிலிருந்து கயிறு பிடிக்கவில்லை, மீன் குழம்பும் தொடவில்லை. ஊர் அதைத் தவம் என்று நினைத்துக்கொண்டது.

இனி இஞ்சினுக்கு வருவோம். கூனித்துறைக் கரையில் கொஞ்ச காலம் கப்பல் உடைத்தார்கள். ஒரு பெரிய சரக்குக் கப்பலைக் கரையேற்றி, தகடு தகடாக வெட்டி லாரியில் ஏற்றி, கடைசியில் அதன் இஞ்சின் மட்டும் மிச்சம் நின்றபோது கம்பெனி நொடித்துப் போய்விட்டது. அடேயப்பா, அது இஞ்சினா, கட்டடமா! நாலு மாடி உயரம், ஏழு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஆள் இறங்கிச் சம்மணம் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். ஆயிரம் டன்னை எவன் அசைப்பான்? மணலுக்குள் இறங்கி, ஊரோடு ஊராக வேர்விட்டு நின்றது. பக்கத்தில் அதன் காற்றுச் சிலிண்டர் ஒன்றும், தார் மாதிரி உறைந்த கறுப்பு எண்ணெய் நிறைந்த தொட்டிகளும் கிடந்தன. நிழலில் சீட்டாடினார்கள், ஏணிப்படியில் கருவாடு காயப்போட்டார்கள், தேர்தலுக்குத் தேர்தல் அதன்மேல் வெவ்வேறு சின்னம் வரைந்தார்கள்.

பெனிற்றா ஒருத்திதான் அதை இஞ்சினாகப் பார்த்தாள். கப்பல் இஞ்சினியர் படிப்பு முடித்தவள், பொம்பளைப்பிள்ளைக்கு இப்போது இடம் இல்லை என்று மூணு வருஷமாகக் கம்பெனி கம்பெனியாகத் திருப்பி அனுப்பப்பட்டு, ஊர் ஐஸ் பாக்டரியில் ஸ்பானர் பிடித்துக்கொண்டிருந்தவள். கை அரிப்புத் தாங்காமல் தினமும் சாயங்காலம் போய் ஒரு வால்வைத் துடைப்பாள், ஒரு குழாயை மாட்டுவாள், ஒரு பிஸ்டனுக்கு எண்ணெய் விடுவாள். ஒருநாள் கோயில் முற்றத்தில் வந்து நின்று, "ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும், எல்லாரும் கை குடுங்க" என்றாள். எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம், ஊரே சும்மாதான் கிடந்தது.

அப்புறம் என்ன, திருவிழாதான். அந்தக் கறுப்பு எண்ணெய் சுட்டால்தான் ஓடும் என்றாள், திருவிழாவில் ஊருக்கே பந்தி போடும் அசனச் சாப்பாடு ஆக்குகிற செம்பு அண்டாக்கள் பதினாறையும் இறக்கி அடுப்பு மூட்டினார்கள். இந்த இஞ்சின் சாவிக்கும் சுவிட்சுக்கும் அசையாது, அமுக்கிய காற்றை உள்ளே விட்டு உதைத்தால்தான் கிளம்பும் என்றாள், முப்பத்தொரு வள்ளத்துச் சங்குக் கம்ப்ரசர்களையும் வரிசையாக வைத்து, படகு டீசலை ஊற்றி ஊற்றி நாலு நாள் ஓட்டிக் காற்றுச் சிலிண்டரை நிரப்பினார்கள். ஏழு தலையிலும் சின்னக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மெல்லச் சுற்றினாள், உள்ளே கிடந்த மழைத்தண்ணீரும் ஒரு அணில் கூடும் வெளியே பறந்தன. "மாதாவே!" என்று சொல்லிக்கொண்டு நெம்புகோலைத் தள்ளினாள்.

ஒரு பெருமூச்சு, ஒரு இடி, இன்னொரு இடி, அப்புறம் இடியெல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசை பிடித்து நடக்க ஆரம்பித்தன, நிமிஷத்துக்கு எண்பது. தண்ணிக்குடங்கள் ஆடின, கொடிமரம் பாடியது, தொட்டில் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுகையை நிறுத்தின. கஸ்பாரின் நெஞ்சு, ரெண்டு வருஷத்துக்கு மேலாகச் சும்மா அடித்துக்கொண்டிருந்தது, அன்றைக்குத் துள்ளியது. ஊர் நகர்ந்தது. மேற்கே, கரைக்குள், பதினாலு எட்டு நகர்ந்து, பக்கத்து ஊர் அய்யாத்துரை நாடாரின் முருங்கைத் தோட்டத்தில் ஒரு வரிசையைச் சாய்த்துவிட்டு நின்றது. நாடார் அரிவாளோடு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாமா, தப்பு என் மேலதான்" என்று பெனிற்றா ஏணியிலிருந்து கத்தினாள். "மூக்கக் கரைக்குள்ள வெச்சு ஏறுன கப்பலோட இஞ்சின் இது. முன்னால ஓட்டுனா ஊரு கரைக்குள்ளதான் போவும். யோசிக்காம விட்டுட்டேன்!"

"அப்பம் பின்னால ஓட்டு! என் முருங்கைய விட்டுட்டுப் போ!" என்றார் நாடார். ஊர் நகர்ந்ததைப் பற்றி அவருக்கு ஆட்சேபம் இல்லை, முருங்கையைப் பற்றித்தான்.

"இதுக்கு கியர் கிடையாது மாமா. நிப்பாட்டி, காத்தால மறுபடி உதைச்சு, எதிர்ப்பக்கமாச் சுத்தவிடணும். காத்து ரெண்டு உதைக்குத்தான் காணும். ஒண்ணு போயிட்டு, இது ரெண்டாவது" என்று சொல்லி அவள் இஞ்சினை மறுபக்கமாகச் சுற்றவிட்டாள். ஊர் பதினாலு எட்டுப் பின்னால் வந்து, பழைய இடத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தது. எல்லாரும் அவரவர் வீட்டு உலையைப் பார்க்கப் போனார்கள்.

பிலோமி மட்டும் போகவில்லை. ஈரத்தலையோடு நடு முற்றத்தில் நின்றாள், இஞ்சினைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், மாதா கோயில் பங்குச்சாமியைப் பார்த்தாள். "சாமி, ஊரு பதினாலு எட்டு நகருமின்னா, எங்க வீட்டுக்காரர் நிக்க எடம் வரைக்கும் நகராதா?"

அவ்வளவுதான். அத்தனை நாளும் அது ஒருத்தி வீட்டுத் துக்கம், அந்தக் கேள்வியோடு ஊர்ச் சோலி ஆகிவிட்டது. மிச்சமிருந்த படகு டீசலைக் கடைசிச் சொட்டு வரைக்கும் கம்ப்ரசர்களுக்கு ஊற்றிக் காற்றுச் சிலிண்டரை மறுபடி நிரப்பினார்கள். ரெண்டு உதை காற்று. கறுப்பு எண்ணெய் போகவர மட்டுக்கு இருந்தது. அரிசி இருந்தது, கடலில் மீன் இருந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்திருந்த ரெண்டு ஜோடியும், கடலில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் எப்படி வருவார்கள் என்று கொஞ்சம் முணுமுணுத்தார்கள். புதன்கிழமை காலை பெனிற்றா நெம்புகோலைப் பின்பக்கமாகத் தள்ளினாள். ஒரு உதை போனது. ஊர் போனது.

ஒன்பது நாள்! வள்ளத்தை எப்படித் திருப்புவார்கள்? ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்து. ஊரையும் அப்படியே திருப்பினார்கள். கோயில் மணி ஒரு தடவை அடித்தால் ஆயிரத்து எண்ணூறு பேரும், ஆடு கோழியோடு, தெற்குத் தெருவுக்கு நடப்பார்கள், ஊர் தெற்கே திரும்பும். ரெண்டு தடவை அடித்தால் வடக்குத் தெருவுக்கு. இருபது வருஷமாக முகம் பார்க்காத தெற்குத் தெரு மச்சாதும் வடக்குத் தெரு கர்வாலோவும் ஒரே வாசலில் மூச்சு வாங்க நின்றதில் பேசிக்கொண்டு, அப்புறம் அந்தப் பேச்சை நிறுத்த ஆளில்லாமல் போனது. கன்னியாகுமரியைச் சுற்றும்போது மூணு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்ததில் ஊரில் எல்லாருக்கும் கெண்டைக்கால் வலி. பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடம் நடத்தினார், புத்தகம் வேண்டியிருக்கவில்லை. பறவை மீன்கள் மொட்டைமாடியில் விழுந்தன. ரேஷன் கடைக்காரர் வெளியூர் ஆள், கடையைத் திறந்த வேளையில் ஊரோடு மாட்டிக்கொண்டவர், முதல் ரெண்டு நாள் வாந்தி எடுத்தார், மூன்றாம் நாள் தூண்டில் கேட்டார். ஒரு ரோந்துப் படகு வந்து பதிவு எண் என்ன என்று மைக்கில் கேட்டது. பங்குச்சாமி கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அதில் எல்லார் பெயரும் இருந்தது, அவர்கள் சலாம் போட்டுப் போய்விட்டார்கள்.

கஸ்பார் இந்த ஒன்பது நாளும் உட்காரவில்லை. பரணிலிருந்து பழைய சங்குக்கயிற்றை எடுத்து, உப்புப் போகக் கழுவி, புரி புரியாகப் பார்த்து, கிழக்கே ஓடுவான், மேற்கே ஓடுவான், ஏணியேறி "இன்னும் எவ்வளவு தூரம் பெனிற்றா?" என்பான். "போன தடவ கேட்டதுக்கும் இதுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம்ணே, அஞ்சு நிமிஷ தூரம் கொறஞ்சிருக்கு" என்பாள் அவள், முகமெல்லாம் கரியும் பல்லுமாக. மூணு வருஷமாக ஒரு கம்பெனியும் கொடுக்காத இஞ்சின் அறை, இப்போது ஒரு ஊர் அளவுக்கு!

ஒன்பதாம் நாள் காலை, வெயில் ஏறுகிற நேரம், தூரத்தில் துருப்பிடித்த கப்பல் தெரிந்தது. ஊர் கத்திய கத்தில் கடற்காக்கைகள் எழுந்தன. அப்போதுதான் பெனிற்றா கீழே இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, எல்லார் தலையிலும் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"நிப்பாட்ட முடியாது" என்றாள். "எண்ணெய அடைச்சா ஓடுன வேகத்துல எங்க போய் நிக்குமோ தெரியாது. கப்பலோரமா நிப்பாட்டணுமின்னா எதிர்ப்பக்கமா உதைக்கணும், அதுக்கு ஒரு உதை. இருக்கது அந்த ஒரு உதைதான். அதப் போட்டு நின்னுட்டோமின்னா வீட்டுக்குக் கெளம்பக் காத்து கெடையாது. கம்ப்ரசருக்கு டீசல் கெடையாது. ஆயுசுக்கும் நம்ம ஊரு இங்கனதான்."

"அப்பம் மெதுவாப் போ" என்றது கூட்டம்.

"போறேன். ஓடுத ஆளு வேகத்துக்குக் கொறைக்கலாம். அதுக்குக் கீழ கொறைச்சா அணைஞ்சிரும். ஒரு தடவதான் பக்கத்துல போவ முடியும். சுத்தி வாறதுக்கு எண்ணெய் காணாது."

ஆளாளுக்குக் கத்தினார்கள். நீந்தச் சொல்லுங்கள் என்றான் ஒருவன், இருபத்திரண்டு மாதம் மழைத்தண்ணி குடித்த உடம்பா நீந்தும் என்றாள் ஒருத்தி. கஸ்பார் வாய் திறந்தான். "கயிறு போடலாம்" என்றான்.

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம், கயிறு! பொண்டாட்டியோட அண்ணன் கயிறு! வேறு யார் போட? கஸ்பாரைத் தோளோடு தூக்கிக்கொண்டு போய் வடக்கு ஓரத்தில் நிறுத்தினார்கள். அவன் கயிற்று முனையில் கனத்துக்கு ஒரு சங்கைக் கட்டினான். கப்பல் வளர்ந்து வளர்ந்து வானத்தை மறைத்தது. மேலே, கைப்பிடிக் கம்பியோரம், தாடி நெஞ்சு வரைக்கும் தொங்க, பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு ஆள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க! இங்க பாருங்க! ஏங்க!" என்று பிலோமி கத்தினாள். ஊரே கத்தியது. அந்த ஆள் திரும்பவில்லை. கப்பலின் பாதியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பக்கத்துல கத்தி புண்ணியமில்ல" என்றான் கஸ்பார். "இடது காது கேக்காது அவனுக்கு. கொஞ்சம் முன்ன ஓடி, வலது காதுப் பக்கம் போய்க் கூப்பிடு."

பிலோமி ரெண்டு எட்டு ஓடி நின்றாள். திரும்பினாள். "கேக்காதா? எனக்குத் தெரியாதே. ஒனக்கு எப்படித் தெரியும்?"

கஸ்பாருக்கு அப்போது பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. ஊர் ஓடிக்கொண்டிருந்தது, கப்பல் போய்க்கொண்டிருந்தது, ஆயிரத்து எண்ணூறு பேர் நின்றார்கள். "நான்தாம்மா கெடுத்தேன். ஒன் குழம்பத் திங்க கயித்தப் பலகையில கட்டிட்டேன். ரெண்டு இழுப்பு இழுத்தான். நான் பாக்கல. அதுக்குத்தான் அவன் சங்க விட்டான், அதுக்குத்தான் கப்பலுக்குப் போனான். இந்தக் கயித்தப் புடிக்க எனக்கு யோக்கியத இல்ல. வேற யாராச்சும் புடிங்க."

பிலோமியின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

"கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்காரேன்னு அந்த மாசம் முச்சூடும் சண்டை போட்டேனே!" என்று அலறினாள். "ரெண்டு பேரும் சேந்து எங்கிட்ட மறைச்சியளா? இருக்கட்டும். வீட்டுக்கு வாங்க ரெண்டு பேரும், அங்க வெச்சுக்கிடுதேன். இப்பக் கயித்தப் புடி! வேற யாரு எனக்குக் கூடப் பொறந்தவன்?"

சொல்லிக்கொண்டே ஓடினாள், வலது காதுப் பக்கம் போய், நெஞ்சில் இருந்த மூச்சை எல்லாம் சேர்த்து ஒரு குரல் விட்டாள். தாடிக்காரன் திரும்பினான். தன் ஊர் தன் கப்பலைத் தாண்டிப் போவதைப் பார்த்தான். கோயிலைப் பார்த்தான், ஐஸ் பாக்டரியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். தூண்டில் கம்பு கையிலிருந்து விழுந்தது.

கஸ்பார் கையைச் சுழற்றி எறிந்தான். சங்கு பறந்தது, கைப்பிடிக் கம்பியில் டங்கென்று மோதியது, இஞ்ஞாசி பாய்ந்து பிடித்தான். "இடுப்புல கட்டு மாப்ள! கட்டிட்டுக் குதி! நான் இருக்கேன்!"

கயிறு கஸ்பாரின் உள்ளங்கையில் அசைந்தது. ஒரு இழுப்பு. ஒன்றுதான்.

"இன்னும் விடச் சொல்லுதான்" என்றான் கஸ்பார், ஒன்றும் விளங்காமல்.

மேலேயிருந்து இஞ்ஞாசி கையைக் குவித்துக் கத்தினான். "நான் கப்பல விட்டு எறங்கப்படாதுன்னுதான் கோர்ட்டு சொல்லிருக்கு மச்சான்! கப்பல் வரப்படாதுன்னு சொல்லல!" என்றவன், ரெண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பின்னால் சாய்ந்து, ஆகஸ்டு திருவிழாவில் தேர் இழுக்கிற மாதிரி இழுத்துக் காட்டினான்.

ஆத்தாடி! கூனித்துறைக்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? கோயில் பின்கட்டிலிருந்து தேர்வடத்தைத் தூக்கி வந்தார்கள், தொடைப் பருமன், நூறு பேர் தோளில். ஒரு முனையை இஞ்சினின் அடிப்பாகத்தில் நாலு சுற்றுச் சுற்றினார்கள். மறு முனையைக் கஸ்பாரின் கயிற்றில் நடுவாகக் கட்டிக் கடலில் விட்டார்கள். இஞ்ஞாசி மேலே இழுக்க இழுக்க, கஸ்பார் கீழே விட்டான். அவன் கயிறு தீர்ந்தது, மச்சாது தன் கயிற்றை முடிந்து கொடுத்தார், அது தீர்ந்தது, கர்வாலோ கொடுத்தார். "கட்டிரு கஸ்பாரு, கை அறுந்துரும், அந்தத் தென்னையில ஒரு சுத்துச் சுத்திரு!" என்று நாலு பேர் கத்தினார்கள். உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கயிற்றோடு போனது. கஸ்பார் கட்டவில்லை. கப்பலின் பின்புறமும் தாண்டி, ஊர் விலகிப் போய்க்கொண்டே இருந்தது, தாடிக்காரன் ஒரு புள்ளியாகச் சிறுத்து, வடத்து முனையைக் கப்பலில் மாட்டிவிட்டு, மேல்தளத்தில் அங்குமிங்கும் ஓடினான். சடசடவென்று ஒரு சத்தம், நங்கூரச் சங்கிலியை முழுசாகக் கழற்றிக் கடலுக்குள் விட்டுவிட்டான். அப்புறம் அந்தப் புள்ளியும் கண்ணுக்குத் தெரியவில்லை. பிலோமி அண்ணன் முகத்தைப் பார்த்தாள், அவன் கண்ணை மூடியிருந்தான், கை மட்டும் விழித்திருந்தது.

அசைந்தது. ஒன்று. ரெண்டு.

"ரெண்டு! ரெண்டு இழுப்பு! தூக்கு பெனிற்றா!"

பெனிற்றா நெம்புகோலை முழுசாகத் தள்ளினாள். நாற்பது, ஐம்பது, எண்பது, கறுப்புப் புகை கொடிமரத்துக்கு மேலே எழுந்தது, ஊர் கூடித் தேர் இழுக்கிற சனம் வடத்தில் கைவைத்து "மரியே!" என்றது, ரேஷன் கடைக்காரரும் சேர்த்துத்தான். வடம் நீரிலிருந்து எழுந்து விறைத்தது. இரும்பு மலை ஒரு முனகல் முனகி, மூக்கைத் திருப்பி, கூனித்துறைக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தது.

அந்தக் கோர்ட்டுக்குப் பங்குச்சாமி அன்றைக்கே கடிதம் எழுதினார்: தாங்கள் நியமித்த காவலாளி கப்பலை விட்டு ஒரு அடியும் இறங்கவில்லை, இதற்கு ஊரே சாட்சி. அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. கப்பல் விற்கும்வரை இறங்க மாட்டேன் என்று இஞ்ஞாசியும் பிடிவாதமாக நின்றுகொண்டான், நியாயம் என்றால் நியாயம். கஸ்பார் அந்தச் சின்னக் கயிற்றை யாரிடமும் கொடுக்காமல் வடக்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், துணி சுற்றிய ரெண்டு கையிலும் இறுக்கிப் பிடித்தபடி.

மத்தியானம் பிலோமி ரெண்டு தூக்குச்சட்டியோடு வந்தாள். சீலா மீன் குழம்பு, வாசம் வடக்குத் தெரு முழுக்க. ஒரு சட்டியை ஒரு வளையத்தில் மாட்டி, வடத்து மேலாகக் கப்பலுக்கு ஓடவிட்டாள், அதன் காதில் கஸ்பாரின் கயிறும் கட்டியிருந்தது. மற்றச் சட்டியைத் திறந்து, சோற்றைப் பிசைந்து, அண்ணன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான், கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது.

"வாயத் தொற. ஏச்செல்லாம் அப்புறம் இருக்கு, ஒரு வருசத்துக்குச் சேத்து வெச்சிருக்கேன். இப்பத் தின்னு."

வாயைத் திறந்தான். ரெண்டு வருஷத்துக்கு மேலாகி அந்தப் புளியும் மிளகாயும் நாக்கில் பட்டது. ஒரு உருண்டை, இன்னொரு உருண்டை. மூன்றாவது உருண்டை வாயில் இருக்கும்போது கயிறு ரெண்டு முறை அசைந்தது. வாய் நிறையச் சோற்றோடு கஸ்பார் எழுந்து இழுத்தான்.

காலிச் சட்டி வந்தது, வழித்துத் துடைத்து.